கடல் விலை கேட்காது

பதினோராம் வகுப்பில் படித்தபோது, இராமநாதபுரத்தில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் நான் ஒரே உரையை மூன்று முறை தொடங்கினேன். "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று ஆரம்பித்து, கடல் அன்னையின் பெருமையைச் சொல்லும் முதல் பத்தியைக் கடந்து, இரண்டாம் பத்தியில் "ஆகவே" என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அடுத்த சொல் எங்கே போனது என்று தெரியவில்லை. மனப்பாடம் செய்த உரைக்கு ஒரு குணம் உண்டு: சிக்குப்பட்ட வலையைப் போல, முனையைப் பிடித்தால்தான் அது வரும், நடுவில் பிடித்து இழுத்தால் வராது. எனவே முனைக்குத் திரும்பிப் போய் மீண்டும் அவையோருக்கு வணக்கம் சொன்னேன். மீண்டும் அதே "ஆகவே"யில் நின்றேன். மூன்றாம் முறை வணக்கம் சொன்னபோது நடுவர்களில் ஒருவர், மிகவும் மரியாதையான மனிதர், எழுந்து நின்று எனக்குப் பதில் வணக்கம் வைத்தார். அரங்கம் சிரித்தது. நான் கீழே இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, முடிவு அறிவிக்கும்வரை காத்திராமல் பாம்பனுக்குப் பேருந்து ஏறினேன்.

அந்த உரையை எனக்கு வேறொருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஆர்ப்பரிக்கும் அலைகளும் முத்தும் பவளமும் வந்தனவே தவிர, எங்கள் கரையில் தினமும் வந்து இறங்கிய சூடை மீனும் நண்டும் கணவாயும் வரவில்லை. என் அப்பா பாம்பன் தெற்குவாடியில் மீன் ஏலம் விடுபவர். கடலைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறையவே இருந்தது; அதெல்லாம் மேடையில் சொல்லத் தகுந்தது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்பது பெரும்பாலும் ஒருவர் எழுத, இன்னொருவர் ஒப்பிக்க, மூன்றாமவர் மணி அடிக்கும் ஏற்பாடாகவே இருக்கிறது. அதில் பரிசு வாங்கியவர்கள் பேச்சாளர்கள் ஆனார்களோ இல்லையோ, என்னைப் போல விழுந்தவர்கள் பலர் அதன்பிறகு ஒலிபெருக்கியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள்.

2005-இல் இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். கணினிப் பயன்பாட்டுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று போனபோது இடம் நிரம்பியிருந்தது; மிச்சம் இருந்தது மேடைப் பேச்சுக்கலை மட்டும். அந்தச் சமயத்தில் பாம்பன் ரயில் பாலத்தில் பாதையை அகலப்பாதையாக்கும் வேலை நடந்துகொண்டிருந்ததால் ரயில் ஓடவில்லை. தீவிலிருந்து போகிறவர்கள் எல்லோரும் சாலைப் பாலத்தின் மேல் பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டுதான் போனோம். அதனால்தான் அன்று தாமதம். அந்தத் தாமதத்தால்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்த்துறையிலிருந்து வந்த ஐயா ஒருவர் அந்தப் பாடத்தை நடத்தினார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். முதல் வகுப்பில் அவர் எங்களைப் பேசவே விடவில்லை. ஒவ்வொருவராக முன்னால் போய் ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். சுவரைப் பார்க்கக் கூடாது, ஆட்களைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே முதலில் போன தொண்டிப் பையன், இருபது வினாடியில் மூக்கைச் சொறிந்து, சட்டைப் பொத்தானைத் திருகி, கடைசியில் "ஐயா, ஏதாவது பேசிடுறேனே" என்று கெஞ்சினான். என் முறை வந்தபோது, என் கைகள் இரண்டும் என்னுடையவை அல்ல, யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவை என்பதுபோல் கனத்தன. அப்போது மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் தன் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அடுத்த முறை அவளுடையது. அவள் என்னைக் கவனிக்கவே இல்லை, தன்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள். போட்டி அரங்கில் நூறு கண்ணுள்ள ஒரே மிருகமாக எனக்குத் தெரிந்த கூட்டம், அந்த நிமிடத்தில் தனித்தனி ஆட்களாகப் பிரிந்தது.

அடுத்த வகுப்பில் ஐயா திருக்குறளை எடுத்தார். மதிப்பெண்ணுக்காக இரண்டு குறளை எழுத வைப்பார் என்று நினைத்தோம். அவர் அதிகாரங்களின் வரிசையை மட்டும் கரும்பலகையில் எழுதினார்: 65 சொல்வன்மை, 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. பிறகு, அறிதல் ஏன் முன்னே நிற்கிறது, அஞ்சாமை ஏன் பின்னே வருகிறது என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. "கற்றது உணர விரித்துரையாதார்" கொத்தாக மலர்ந்தும் மணக்காத மலரைப் போன்றவர் என்ற குறளை மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அந்தக் கேள்விக்கான பதில் எனக்குச் சில மாதங்கள் கழித்து, வகுப்பறைக்கு வெளியே கிடைத்தது.

பயத்தைப் பற்றி அவர் சொன்னது அறிவியலுக்கு நெருக்கமாக இருந்தது. மேடையேறும்போது உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உமிழ்நீர் வற்றி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, மூச்சு நெஞ்சின் மேல்பாதியிலேயே நின்று குரல் கீச்சென்று ஏறிவிடுகிறது. இவற்றில் இதயத்தையும் உமிழ்நீரையும் அதட்ட முடியாது, மூச்சு ஒன்றுதான் நம் பேச்சைக் கேட்கும் என்பது அவர் வாதம். மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சு விட்டுப் பழகச் சொன்னார். மாணவியர் ஓய்வறையில் நாங்கள் நான்கு பேர் பாய் விரித்து இதைச் செய்தபோது, கீழக்கரையிலிருந்து வந்த தோழி ஒருத்தி தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். அவர் சங்கு குளித்தவர். குதிப்பதற்கு முன் மூச்சை இழுக்கக் கூடாது, முதலில் உள்ளே கிடப்பதை முழுவதும் விட வேண்டும், விட்டால் வேண்டியது தானாக வரும் என்பாராம். ஒலிபெருக்கியின் முன் போய் நின்று நெஞ்சை நிமிர்த்திக் காற்றை உறிஞ்சிக்கொள்வதைவிட, எழுந்து போவதற்கு முன்பே மெதுவாக மூச்சை வெளியே விட்டுவிடுவது எவ்வளவோ மேல் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை பார்த்துவருகிறேன்.

நம் நடுக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்ற எண்ணம் பாதிக்குமேல் பொய் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிறவர்கள் தாங்கள் பதறுவது வெளியே தெரிவதாக எவ்வளவு நினைக்கிறார்களோ அவ்வளவு கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று காட்டினார்கள். இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். அந்த நடுவரும் ஒருவேளை என் மூன்றாவது வணக்கத்தைக் கேட்டுத்தான் எழுந்தாரே தவிர, என் முழங்கால் ஆடியதைப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பாடத்தில் மிகவும் கசந்தது டேப் ரெக்கார்டர். நான்கு நிமிடம் பேசிப் பதிவு செய்து, தானே கேட்டு, குறை எழுதிக் கொண்டுவர வேண்டும். நம் குரல் நமக்குள் மண்டை எலும்பின் வழியாகவும் கேட்பதால் கனமாகத் தோன்றுகிறது. பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை. அதனால் முதல்முறை கேட்கும்போது யாரோ சிறுமி நம் சொற்களைத் திருடிப் பேசுவதுபோல் இருக்கும். அந்த வெட்கம் இரண்டாம் முறை கேட்கும்போது போய்விடும், குறைகள்தான் போகாது. என் நான்கு நிமிடப் பேச்சில் "வந்து" என்ற சொல் 31 முறை வந்திருந்தது. தோழியின் பேச்சில் "அதாவது". தொண்டிப் பையனின் பேச்சில் "பாத்தீங்கன்னா". இந்தச் சொற்கள் எல்லாம் அடுத்த வாக்கியம் கிடைக்கும்வரை வாயைச் சும்மா விடாமல் இருப்பதற்காக நாம் போட்டுக்கொள்ளும் முட்டுக்கட்டைகள். ஐயா கொடுத்த மருந்து எளிமையானது: "வந்து" வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். எளிமையான மருந்துதான், குடிக்கத்தான் முடியவில்லை. காலைப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, உதடு அசையப் பேசி, "வந்து" வரும்போதெல்லாம் உதட்டைக் கடித்துப் பழகினேன். நடத்துநர் நான் ஜெபமாலை சொல்வதாக நினைத்து, சில்லறை கேட்காமல் காத்திருந்தார்.

வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னொரு பயம் இருந்தது. மேடைப் பேச்சு என்றால் ஆங்கிலத்தில் பேசுவது என்று நினைத்து வந்திருந்தார்கள். தமிழில்தான் என்று தெரிந்ததும் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம். அன்று ஐயா பாம்பனைக் காட்டினார். சிகாகோவில் 1893-இல் பேசிப் புகழ்பெற்ற விவேகானந்தர், 1897 சனவரி 26 அன்று எங்கள் பாம்பனில்தான் வந்து இறங்கினார். அவருடைய அமெரிக்கப் பயணத்துக்கு ஊக்கம் தந்தவர்களில் ஒருவரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். அடுத்த நாள் இராமேசுவரம் கோயிலில் அவர் ஆங்கிலத்தில் பேச, அதை ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "அன்று கோயிலுக்கு வந்த சனம் யார் பேச்சைக் கேட்டது?" என்று ஐயா கேட்டார். அதன்பிறகு ஒரு மாதம் எங்களுக்கு அதே பயிற்சி: ஒருவர் ஒரு கருத்தைச் சொல்ல, அடுத்தவர் அதே கருத்தைத் தன் தெருவில் உள்ள பாட்டிக்குப் புரியும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். வங்கிக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாட்டிக்குச் சொல்ல முயன்றபோதுதான், அது எனக்கே சரியாகப் புரியவில்லை என்பது தெரிந்தது.

இப்படி நின்றுகொண்டு, பொதுமக்களைப் பார்த்து, உரைநடையில் பேசுவது நமக்கு ஆதிகாலத்திலிருந்து வந்த வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன். ஐயா அதையும் கலைத்தார். எங்கள் எதிர்க்கரையான யாழ்ப்பாணத்தில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று ஆறுமுக நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். பாதிரிமார் பிரசங்கிக்கும் முறையை அருகிலிருந்து பார்த்து, அதையே சைவத்துக்குக் கொண்டுவந்தார். நாவலர் என்ற பட்டமே அதற்குப் பிறகு திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்ததுதான். நாவலரே பார்த்துப் பழகிய கலை என்றால், "எனக்குப் பேச வராது" என்று நான் சொல்லித் திரிந்ததற்குப் பெரிய அர்த்தம் இல்லாமல் போயிற்று.

தெமாஸ்தனிஸ் கதையையும் அதே வாரத்தில்தான் சொன்னார். திக்குவாய்க்காரரான அந்தக் கிரேக்கப் பேச்சாளர் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகியதைப் பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்; கடற்கரையில் அலை இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பிப் பழகியதாகவும் பழங்கதை உண்டு. கடற்கரைக்காரியான எனக்கு இது போதும். எங்கள் தீவில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அமைதியாகக் கிடப்பதால் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலையடிப்பதால் ஆண்கடல். (பெயர் வைத்தவர் எங்கள் தெருப் பெண்களைப் பார்த்ததில்லை போலும்.) கச்சான் காற்று வீசும் மாதம் என்பதால் ஆண்கடல் நன்றாகவே இரைந்தது. மணலிலும் பவளத் துண்டுகளிலும் வாயில் போடத் தகுந்த கூழாங்கல் கிடைக்காததால், வீட்டிலிருந்து நான்கு புளியங்கொட்டைகளைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, அலையைப் பார்த்து ஒரு வாரம் கத்தினேன். தொண்டை கட்டியது. ஒரு கொட்டையை விழுங்கியும் விட்டேன்.

எட்டாம் நாள் அப்பா வலை காயும் இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். கிரேக்கரின் கதையை முழுதும் கேட்டுவிட்டு, "கடலப் பாத்துக் கத்தி என்ன தாயி பண்ணப் போற? கடல் வெல கேக்காது" என்றார். மறுநாள் விடியுமுன் என்னை ஏலத்துக்கு வரச் சொன்னார்.

அப்பாவின் ஏலத்தை நான் சிறுமியாக இருந்தபோதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் கவனித்தது அன்றுதான். விசைப்படகு இயந்திரங்கள், ஐஸ் உடைக்கும் சத்தம், பருந்துகள், கூடைகளை இழுக்கும் இரைச்சல், பக்கத்தில் இன்னும் இரண்டு ஏலக்காரர்கள் அடித்தொண்டையிலிருந்து கூவும் கூவல் ஆகிய இத்தனைக்கும் நடுவே, அவர் மட்டும் கத்தவில்லை. சாதாரணக் குரலில், ஒரே தாளத்தில் விலையைச் சொல்லிக்கொண்டே போனார். கேட்க வேண்டியவர்கள் காதைக் கொடுத்துக் கிட்டே வந்தார்கள். கிட்டே வந்தவர் விலகிப் போவதில்லை. தலைச்சுமையாக விற்கும் பெண்கள் நான்கைந்து பேர் ஓரமாக நிற்பதைப் பார்த்ததும், ஒரு கூடைச் சூடையைத் தரையில் கொட்டிச் சிறு கூறுகளாகப் பிரித்தார்; அவர்களின் மடியில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அது முடிந்ததும் நண்டுக் கூடை. வெளியூர் வியாபாரி ஒருவர் 1,200-க்கு வந்து நின்றார், உள்ளூர்க்காரர் ஒருவர் 1,150-இல் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "ஒருதரம்" என்றார் அப்பா. "ரெண்டுதரம்." பிறகு நிறுத்தினார். வலது கை காற்றில் அப்படியே நின்றது. வெளியூர்க்காரரைப் பார்க்காமல், கையைக் கட்டியிருந்த உள்ளூர்க்காரரைப் பார்த்தார். அந்த இரைச்சலில் அந்த ஒரு இடம் மட்டும் கிணறு போல இருந்தது. உள்ளூர்க்காரர் கட்டியிருந்த கையைப் பிரித்து, "அம்பது" என்றார்.

ஏலம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, ரெண்டுதரத்துக்கும் மூணுதரத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். "அவன் எச்சி முழுங்குற வரைக்கும்" என்றார் அப்பா.

அவையறிதல் ஏன் முதலில், அவையஞ்சாமை ஏன் பிறகு என்ற கேள்விக்கு அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யார் கேட்கிறார்கள், அவர்கள் மடியில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் அவர்கள் விழுங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன்னைப் பார்த்துப் பயப்பட நேரம் இருக்காது. வகுப்பில் முதல்நாள் ஐயா எங்களைச் சும்மா நிற்க வைத்ததும் அப்பா கையைக் காற்றில் நிறுத்தியதும் ஒரே பாடம். ஒருவர் பட்டம் பெற்றவர், இன்னொருவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பது மட்டுமே வேறுபாடு.

பருவ முடிவில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும், 25 மதிப்பெண். நான் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிப் பேசினேன். இன்று கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் தடை. 2017-க்கு முன்பு, நான் படித்த காலத்தில், அது 45 நாள். எழுதி மனப்பாடம் செய்யவில்லை. ஒரு அட்டையில் பானை, வளையல், வலை, கட்டணம், மே 29 என்று ஐந்தே சொற்கள் வைத்திருந்தேன். "ஏப்ரல் 15 அன்று எங்கள் வீட்டில் சோற்றுப் பானை மாறும்" என்று தொடங்கினேன். பெரிய பானையைப் பரணில் ஏற்றிவிட்டு அம்மா சின்னப் பானையை எடுப்பதையும், விசைப்படகு போகாவிட்டால் ஏலக்காரருக்கும் வேலை இல்லை என்பதையும், மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலை விட்டுவைக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்பதையும் சொன்னேன். அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும் தேதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். கடைசி பெஞ்சில் அட்டையோடு உட்கார்ந்திருந்த ஐயாவைப் பார்த்தேன். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. அதன்பிறகுதான் அடுத்த சொல்லைச் சொன்னேன். நான்காவது சொல்லான கட்டணத்தை மறந்தேபோனேன். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவர்களிடம் என் எழுத்துப்படி இல்லையே.

மீதி 75 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. "சிறந்த பேச்சாளருக்குரிய இலக்கணங்களை விவரி" என்ற கேள்விக்கு விடை எழுத, ஒரு வார்த்தை பேசக் கூடாத அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "குரல் கம்பீரமாக இருத்தல்" என்பது கையேட்டில் முதல் இலக்கணம். மனப்பாடம் செய்து எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. எங்கள் தீவில் பிறந்த அப்துல் கலாமின் குரலில் கம்பீரம் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. மெல்லிய குரல், நிதானமான வேகம். மாணவர்களைத் தன்னோடு சேர்ந்து வாக்கியங்களைத் திருப்பிச் சொல்ல வைப்பார். 2015 சூலை 27 அன்று சில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் சாய்ந்தார் என்ற செய்தி வந்த இரவில், அந்தக் கையேட்டை எழுதியவர் அவர் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பாரா என்றுதான் எனக்குத் தோன்றியது.

படிப்பு முடிந்த பிறகு, மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பயிற்சி கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. முதல் கூட்டம் தங்கச்சிமடத்தில். அறுபது பெண்கள், அவர்களின் குழந்தைகள், விசில் அடிக்கும் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கியை அணைத்து வைத்துவிட்டுக் கிட்டே போய், பாசி எடுக்கப் போகிறவர்கள் எத்தனை பேர், கருவாடு போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டேன். பிறகு, வரவு செலவை எழுதாததால் நின்றுபோன ஒரு குழுவின் கதையைப் பெயர் சொல்லாமல் சொன்னேன். எல்லாம் நன்றாகவே போயிற்று. முடிந்ததும் ஏழெட்டுப் பேர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

பின்வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பேருந்து நிறுத்தம்வரை அவர் எதுவும் சொல்லவில்லை. நானே எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் குழு காசு போன எடத்தச் சொல்லிட்டு நிறுத்துன பாரு, அங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்ட. முன்னாடி இருந்த நீலச் சேலக்காரி இன்னும் முழுங்கல."

கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்ததை அன்றிரவு கேட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் நான் விட்ட இடைவெளி ஒரு வினாடிகூட இல்லை. அதை அடுத்து, பல ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டதாக நினைத்திருந்த ஒரு "வந்து" இருந்தது.